இண்டியம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தாழ்வெப்ப ஆய்வகத்தில் வெற்றிடக் கலங்களோடு பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இண்டியம் தினமும் என் கையில் புழங்கிய உலோகம். அதனால்தான் இத்தனை கேள்விகளுக்கும் உட்கார்ந்து எழுத மனம் வந்தது.

கேள்வி: இண்டியம் என்ற பெயர் இந்தியாவிலிருந்து வந்ததா, ஐயா? இங்கேதான் கண்டுபிடித்தார்களா?

கண்டுபிடித்த இடம் ஜெர்மனியின் ஃப்ரைபெர்க். 1863-இல் ஃபெர்டினாண்ட் ரைக், தியோடர் ரிக்டர் என்ற இருவர் அந்த ஊர்ச் சுரங்கத்துத் துத்தநாகத் தாதுவில் தாலியத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தாலியம் இருந்தால் நிறமாலையில் பச்சைக் கோடு தெரியும். ரைக்குக்கு நிறக்குருடு என்பதால் நிறமாலைமானியில் கண் வைத்தவர் ரிக்டர். அவர் கண்ணில் பட்டதோ அதுவரை யாரும் பார்க்காத கருநீலக் கோடு, அதாவது இண்டிகோ நிறம். அந்த நிறத்தின் பெயரையே உலோகத்துக்கும் வைத்துவிட்டார்கள்.

ஆனால் இண்டிகோ என்ற சொல்லே 'இந்தியாவிலிருந்து வந்தது' என்ற பொருளுள்ள பழைய சொல்லிலிருந்து பிறந்தது. நம் அவுரிச் செடியின் நீலச் சாயம்தான் அது. ஆக, பெயருக்கு மட்டும் சுற்றுவழியில் நம்மோடு உறவு உண்டு.

கேள்வி: பார்க்க எப்படி இருக்கும்? வெள்ளீயத்திலிருந்து எப்படிப் பிரித்து அறிவது?

வெள்ளி போலப் பளபளப்பு. கையில் எடுத்தால்தான் வித்தியாசம் புரியும். நகத்தால் அழுத்தினால் தடம் விழும். தாளில் தேய்த்தால் பென்சில் போலக் கோடு இழுக்கும். கட்டியைக் காதருகே வைத்து வளைத்தால் மெல்லிய 'நறநற' ஒலி கேட்கும். வெள்ளீயமும் இப்படி ஒலிக்கும் என்பதால் ஒலியை மட்டும் நம்ப வேண்டாம். உருகுநிலையைப் பாருங்கள்: வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், இண்டியம் 157 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும்.

கேள்வி: அண்ணா, நான் பன்னிரண்டாம் வகுப்பு. செல்போன் திரையில் இண்டியம் இருக்கிறது என்கிறார்கள். கண்ணாடிதானே தெரிகிறது, உலோகம் எங்கே?

நல்ல கேள்வி, தம்பி. உலோகமாக இல்லை, ஆக்சைடாக இருக்கிறது. இண்டியம் ஆக்சைடு ஏறக்குறைய 90 பங்கு, வெள்ளீய ஆக்சைடு 10 பங்கு. சுருக்கமாக ஐடிஓ என்பார்கள். பொதுவாக மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிற பொருள் ஒளியை விடாது, ஒளியை விடுகிற பொருள் மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் ஐடிஓவின் அருமை. திரையில் உன் விரல் படும் இடத்தில் மின்தேக்குத்திறன் மாறும். அந்த மாற்றத்தைச் சிப்புக்குக் கொண்டுபோவது கண்ணுக்குத் தெரியாத இந்தப் படலம்தான்.

எவ்வளவு இருக்கும் என்று நீயே கணக்குப் போடலாம். படலத்தின் தடிமன் 150 நானோமீட்டர், திரையின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள். கன அளவு 0.0015 கன சென்டிமீட்டர். அடர்த்தி 7 என்றால் சுமார் 10 மில்லிகிராம். அதில் வெள்ளீயத்தையும் ஆக்சிஜனையும் கழித்தால் இண்டியம் 8 மில்லிகிராம் அளவில்தான் மிஞ்சும்.

கேள்வி: அப்படியானால் பழைய போன்களைச் சேர்த்து வீட்டிலேயே பிரித்தெடுக்கலாமா?

வேண்டாம். மேலே உள்ள கணக்குப்படி ஒரு கிராமுக்கே நூற்றுக்கும் மேற்பட்ட திரைகள் வேண்டும். அமிலப் புகைக்கு நுரையீரலைக் கொடுப்பதுதான் மிச்சமாகும். மறுசுழற்சி உண்மையாக நடப்பது தொழிற்சாலைக்குள். படலம் பூசும்போது ஐடிஓ பலகையிலிருந்து பெயர்வதில் பெரும்பகுதி கண்ணாடியில் சேராமல் போகும். பலகையின் மிச்சத்தையும் அறைச் சுவரில் படிந்ததையும் சுரண்டி எடுத்து மீட்கிறார்கள்.

கேள்வி: விலை ஏறினால் சுரங்கத்தை அதிகம் தோண்டினால் போதாதா?

இண்டியத்துக்கென்று தனிச் சுரங்கம் வைத்தால் கட்டுபடியாகாது. துத்தநாகத் தாதுவில் மிகச் சிறிய அளவில் கலந்து வருகிறது. துத்தநாகத்தைச் சுத்திகரித்த பிறகு மிஞ்சும் கசடிலிருந்துதான் இதைப் பிரிக்கிறார்கள். துத்தநாகம் விற்றால்தான் இண்டியமும் வரும். திரைக்காரர்கள் எவ்வளவு கேட்டாலும் அதற்காக யாரும் கூடுதல் துத்தநாகம் உருக்க மாட்டார்கள். உற்பத்தியில் சீனா முதலிடம். தென்கொரியாவும் ஜப்பானும் முக்கியமானவை. 'பூமியில் தீர்ந்துபோகும்' என்ற பேச்சை விட, இந்தச் சார்புதான் எனக்குக் கவலை தருகிறது.

கேள்வி: திரையைத் தவிர வேறெங்கே?

நீல, வெள்ளை எல்இடிகளில் ஒளி தருவது இண்டியம் காலியம் நைட்ரைடு. நீல எல்இடிக்கு 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. ஒளியிழைத் தகவல்தொடர்பின் லேசர்களில் இண்டியம் பாஸ்பைடு. சில அணு உலைகளின் கட்டுப்பாட்டுத் தண்டுகளில் வெள்ளி 80, இண்டியம் 15, காட்மியம் 5 என்ற கலவை. நியூட்ரான்களை விழுங்கும் வேலை.

கேள்வி: தொட்டால் ஆபத்தா?

உலோகக் கட்டியைக் கையுறை போட்டுக் கையாண்டால் பயமில்லை. ஐடிஓ தூசி வேறு விஷயம். ஐடிஓவை அரைத்து மெருகேற்றும் வேலை பார்த்த ஓர் இளைஞர் நுரையீரல் நோயால் இறந்ததை ஜப்பானிய மருத்துவர்கள் 2003-இல் வெளியிட்டார்கள். முகக்கவசமும் காற்றுறிஞ்சியும் இல்லாமல் அந்தத் தூளுக்கு அருகில் யாரையும் நிறுத்தவே கூடாது.

கேள்வி: சார், ஆராய்ச்சி மாணவி நான். திரவ ஹீலியக் கலத்துக்கு இண்டியம் அடைப்பு போடுகிறேன், கசிகிறது. என்ன தவறு?

ரப்பர் வளையம் அந்தக் குளிரில் கண்ணாடி போல இறுகிவிடும். இண்டியம் 4 கெல்வினிலும் (சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்) மெழுகு போலக் குழைவதால்தான் அதை நாடுகிறோம், அம்மா. எனக்கும் முதல் தடவை கசிந்தது. கலத்தின் விளிம்பில் வளையமாக வைத்து நசுக்கும் இண்டியம் கம்பியின் இரு முனைகளையும் முட்டுக்கு முட்டு வைத்திருந்தேன். அந்த இடத்தில்தான் ஹீலியம் கசிவதைக் கசிவு காணும் கருவி காட்டியது.

முனைகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போடுங்கள், ஒரு திருகுக்கு அருகில். அழுத்தும்போது இரண்டும் குளிரிலேயே பற்றிக்கொள்ளும். அதற்கு மேற்பரப்பு சுத்தமாக இருக்க வேண்டும். கம்பியை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சற்று நனைத்து, நீரிலும் ஆல்கஹாலிலும் கழுவுங்கள். திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். அப்புறம் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். இண்டியம் மெதுவாக வழிந்து இடம்கொடுக்கும், திருகுகள் தளர்ந்திருக்கும். மறுபடி முறுக்கிவிட்டுச் சோதியுங்கள். கழற்றிய பழைய கம்பியை மரச்சீவலால் சுரண்டுங்கள், கத்தி பட்டால் விளிம்பில் கீறல் விழும். சுரண்டியதை ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள், உருக்கி மறுபடி பயன்படுத்தலாம்.