எபேசஸ்: மூட்டு வலிக்காரர் எந்த வாசலில் நுழைவது?

கேள்வி: ஜூலையில் துருக்கி போகிறோம். குஷாதாசியில் தங்கி, ஒரு பகலில் பழங்கால எபேசஸ் நகரத்தின் இடிபாடுகளைப் பார்க்கத் திட்டம். அம்மாவுக்கு 68 வயது, மூட்டு வலி உண்டு. மேல் வாசலில் நுழைந்து கீழே இறங்கி வருவதுதான் சுலபம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரிதானா? இன்னொன்று, துறைமுக நகரம் என்கிறார்கள், படங்களில் கடலையே காணோமே?

பதில்: உங்களுக்குச் சரி, அம்மாவுக்குச் சரியில்லை. மூட்டு வலிக்காரருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் பல சமயம் கஷ்டம். மேல் வாசலிலிருந்து வரும் க்யூரெட்டஸ் தெரு நீளச் சரிவு. நடுவே படிகளும் உண்டு. தளக்கல் எல்லாம் பளிங்கு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கால் பட்டுத் தேய்ந்து, எண்ணெய் பூசியதுபோல வழுக்கும். மழை பெய்திருக்க வேண்டும் என்பதே இல்லை.

அம்மாவை ஒருவர் துணையோடு கீழ் வாசலில் இறக்கிவிடுங்கள். அங்கிருந்து நாடக அரங்கம், பளிங்குத் தெரு, செல்சஸ் நூலகம் மூன்றும் ஏறக்குறைய சமதளத்தில் வரிசையாக வருகின்றன. மற்றவர்கள் அதே டாக்சியில் மேல் வாசலுக்குப் போய் நடந்து இறங்குங்கள். நூலகத்தின் முன்படிகளில் எல்லோரும் சந்திக்கலாம். பார்த்து முடித்ததும் அம்மா வந்த வழியே திரும்பினால் போதும். சரிவில் அடுக்கடுக்காகக் கட்டி, இப்போது கூரை போட்டு மூடிய பழைய வீடுகளில் தரைச் சித்திரங்களும் சுவரோவியங்களும் அருமை. ஆனால் படிகள் ஏராளம், அம்மாவுக்கு வேண்டாம்.

வாசல் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். வெயிலுக்காக மட்டுமல்ல, நூலகத்தின் முகப்பு கிழக்கு பார்த்தது. படிப்பவர்களுக்குக் காலை வெளிச்சம் கிடைக்கட்டும் என்று கட்டியது, இன்று உங்கள் கேமராவுக்கும் உதவும். முகப்பின் நடுத்தூண்களை ஓரத்துத் தூண்களைவிடப் பெரிதாக வைத்திருக்கிறார்கள். கட்டடம் இருப்பதைவிட அகலமாகத் தெரிய, கண்ணை ஏமாற்றும் வேலை. விழுந்து கிடந்த முகப்பை 1970களில் ஆஸ்திரியத் தொல்லியலாளர்கள் மறுபடி நிறுத்தினார்கள். மாடங்களில் நிற்கும் பெண் சிலைகள் நகல்கள். மூலம் வியன்னாவில் இருக்கிறது.

கடல் விஷயத்துக்கு வருவோம். அது ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. பக்கத்து ஆறு கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தைத் தூர்த்தது. பெர்காமம் அரசர் இரண்டாம் அட்டாலஸ், வாயைக் குறுக்கினால் உள்ளே ஆழம் கூடும் என்று நினைத்து அணை கட்டினார். நடந்தது நேர்மாறு. கடலலை அலசி வெளியேற்றிக்கொண்டிருந்த சேறு உள்ளேயே தங்கிவிட்டது என்று பழங்காலப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். அரங்கத்தின் முன்னால் மேற்கே நீளும் அகலத் தெருதான் துறைமுகத் தெரு, சுமார் அரை கிலோமீட்டர். அதன் கோடியில் இப்போது நாணல் மண்டிய சதுப்பு.

அந்த அரங்கத்தில் சுமார் 24,000 பேர் அமரலாம். கிறிஸ்தவ வாசகர்களுக்குத் தெரிந்த இடம்தான்: பவுலுக்கு எதிராகத் தெமேத்திரியு என்ற தட்டான் கிளப்பிய கலகத்தில் ஊர் கூடி, தியானாள் (ஆர்ட்டெமிஸ் தேவி) பேரைச் சொல்லி இரண்டு மணி நேரம் கூச்சலிட்டது இங்கேதான். மேல் வரிசை வரை ஏற வேண்டாம், கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே பிரமிப்பு வரும்.

இடிபாடும் அலையும் பக்கம் பக்கமாக வேண்டுமென்றால் அந்தால்யா அருகே ஃபசெலிஸ் இருக்கிறது. ஆனால் அது இந்தப் பயணத்தில் அடங்காது, வேறொரு முறை பாருங்கள்.

பிடிமானமுள்ள ரப்பர் அடி ஷூ, தொப்பி, ஆளுக்கொரு பெரிய பாட்டில் தண்ணீர் கட்டாயம். நிழல் மிகக் குறைவு. கழிப்பறையை வாசலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது ரோமானியர் காலத்துப் பொதுக் கழிப்பறை, பார்க்க மட்டும்.

நடுப்பகலில் செல்சுக் ஊருக்குள் போய் எபேசஸ் அருங்காட்சியகத்தில் ஆர்ட்டெமிஸ் சிலைகளைப் பாருங்கள். திரும்பும் வழியில் அந்தத் தேவியின் கோயில் இருந்த இடம் வரும். உலக அதிசயங்களில் ஒன்று. இன்று மிச்சம் துண்டுகளை அடுக்கி நிறுத்திய ஒற்றைத் தூண். பத்து நிமிடம் போதும். தூணின் உச்சியில் செங்கால் நாரைகள் கூடு கட்டுவது வழக்கம், அண்ணாந்து பார்க்க மறந்துவிடாதீர்கள்.