கீழே பிரிண்டர், மாடியில் லேப்டாப்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வீட்டிலேயே டைப்பிங், ஆன்லைன் விண்ணப்ப வேலை செய்கிறேன். கீழ் அறையில் கம்ப்யூட்டர், அதோடு யு.எஸ்.பி. வயரில் பிரிண்டர். மாடிக்கு சிக்னல் எட்டவில்லை என்று மூன்று மாதத்துக்கு முன் இன்னொரு ரவுட்டர் வாங்கி, ஃபைபர் பெட்டியிலிருந்து கேபிள் இழுத்து மாட்டினோம். அதிலிருந்து மாடி லேப்டாப்பில் நெட் நன்றாக வருகிறது, ஆனால் கீழே இருக்கும் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் தெரிவதே இல்லை. பென்டிரைவோடு படி ஏறி இறங்குகிறேன். கடையில் கேட்டால் ஃபயர்வாலை ஆஃப் செய்யுங்கள், அப்படியும் வராவிட்டால் ஃபார்மட் அடிக்கலாம் என்கிறார்கள். செய்யலாமா?
- ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இரண்டுமே வேண்டாம். உங்கள் விண்டோஸில் கோளாறு இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. 'அதிலிருந்து' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டாவது ரவுட்டரில்தான் விஷயம். இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே வீட்டில் இருக்கின்றன, ஒரே இணைப்பில் நெட் வாங்குகின்றன, ஆனாலும் ஒரே நெட்வொர்க்கில் இல்லை.

உறுதி செய்ய ஒரு நிமிடம் போதும். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, சி.எம்.டி. என்று ஆங்கிலத்தில், புள்ளி இல்லாமல் (cmd) அடித்து என்டர் தட்டுங்கள். வரும் கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் என்பதை, இதுவும் ஆங்கிலத்தில் (ipconfig), இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டுங்கள். ஐபிவி4 முகவரி (நெட்வொர்க்கில் அந்தக் கம்ப்யூட்டருக்குக் கிடைத்த எண், சுருக்கமாக ஐபி) என்ற வரியில் கீழே 192.168.1.10 மாதிரியும் மாடியில் 192.168.0.10 மாதிரியும் வந்தால், அந்த மூன்றாவது எண் மாறியிருக்கிறது பாருங்கள், அதுதான் நடுவில் நிற்கும் சுவர். புது ரவுட்டர் தன் பங்குக்கு ஒரு தனி நெட்வொர்க்கை உருவாக்கிக்கொண்டது. புதுப்பாளையத்தில் ஒரு உறவினர் வீட்டில் இதே கதைதான். இரண்டு மணி நேரம் ஷேரிங் செட்டிங்கையே மாற்றி மாற்றிப் பார்த்தோம், ஐபியைப் பார்த்த பிறகு வேலை பத்தே நிமிடத்தில் முடிந்தது.

புது ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில் ஆக்சஸ் பாயின்ட் மோட் (தனி நெட்வொர்க் உருவாக்காமல் சிக்னலை மட்டும் பரப்பும் முறை) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைத் தேர்வு செய்து சேமித்தால் போதும். இல்லாவிட்டாலும் வழி உண்டு, ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில் ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். புது ரவுட்டரின் லேன் முகவரியை (வீட்டு நெட்வொர்க்கில் அந்த ரவுட்டரின் சொந்த எண்ணை) 192.168.1.2 என்று மாற்றுங்கள் (ஃபைபர் பெட்டி 192.168.1.1 என்றால், 192.168.1.2 வேறு எந்தக் கருவிக்கும் போயிருக்கக் கூடாது). அது அணைந்து எழுந்ததும் அந்தப் புது முகவரியிலேயே செட்டிங் பக்கத்துக்குள் போய் டிஎச்சிபியை (கருவிகளுக்குத் தானாக ஐபி எண் கொடுக்கும் வசதியை) ஆஃப் செய்யுங்கள். அப்புறம் கேபிளை மாட்டுங்கள், ஆனால் முன்பு இருந்த வான் அல்லது இன்டர்நெட் என்று எழுதிய போர்ட்டில் இல்லை, லேன் போர்ட் ஒன்றில். இனி வீடு முழுவதும் எண் கொடுப்பது ஃபைபர் பெட்டி மட்டும்தான், புது ரவுட்டர் சிக்னலை மாடிக்குச் சேர்ப்பதோடு சரி.

அடுத்தது இரண்டு கம்ப்யூட்டரிலும் நெட்வொர்க் பப்ளிக் என்று இருந்தால் பிரைவேட் என்று மாற்றுங்கள். பப்ளிக் என்றால் ஏதோ பேருந்து நிலைய வைஃபை என்று நினைத்து விண்டோஸ் தன்னை மறைத்துக்கொள்ளும். நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் இரண்டும் ஆனில் இருக்கட்டும். கீழ் கம்ப்யூட்டரில் பிரிண்டர் பிராபர்ட்டீஸுக்குள் ஷேரிங் டிக் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நெட்வொர்க் பக்கத்தில் பெயர் தெரியவில்லையே என்று காத்திருக்காமல், மாடியில் அதே விண்டோஸ்-ஆர் பெட்டியில் \\192.168.1.10 என்று கீழ் கம்ப்யூட்டரின் எண்ணை அடியுங்கள். நேராகத் திறக்கும்.

திறக்கும்போது யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும். பலர் தினமும் லாகின் செய்யும் நான்கு இலக்கப் பின் நம்பரை அடித்துவிட்டு, தப்பு தப்பு என்று வருகிறதே என்று தவிக்கிறார்கள். பின் நம்பர் அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் செல்லும், நெட்வொர்க் வழியாக வந்தால் பாஸ்வேர்டுதான் வேண்டும். பாஸ்வேர்டே இல்லாத கணக்கு என்றாலும் விண்டோஸ் உள்ளே விடாது. அதனால் கீழ் கம்ப்யூட்டரில் ஷேரிங்குக்கென்றே ஒரு லோக்கல் யூசர் உருவாக்கி, நல்ல பாஸ்வேர்டு வைத்து, அதையே மாடியில் கொடுங்கள். பிரிண்டரின் டிரைவரை (பிரிண்டரை இயக்கும் மென்பொருளை) லேப்டாப்பில் அட்மின் கணக்கிலேயே முதலில் போட்டுவிடுங்கள். 2021-இல் விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலரில் (பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் பகுதி) பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்ட பிறகு, ஷேர் செய்த பிரிண்டர் வழியாக டிரைவர் ஏற்ற அட்மின் உரிமை கட்டாயமாகிவிட்டது. கீழ் கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போனால் பிரிண்டரும் சேர்ந்து தூங்கிவிடும், அதையும் கவனியுங்கள்.

ஃபயர்வாலை ஏன் தொடக்கூடாது என்றால், 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது இதே ஃபைல் ஷேரிங் பாதை வழியாகத்தான். எஸ்எம்பி1 என்ற பழைய முறையில் இருந்த ஓட்டை அது. உங்கள் கம்ப்யூட்டரில் ஊர்க்காரர்களின் ஆதாரும் சான்றிதழும் கிடக்கின்றன. ஃபயர்வாலை அணையுங்கள் என்றோ எஸ்எம்பி1-ஐ ஆன் செய்யுங்கள் என்றோ யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கேள்வி: வைஃபை பிரிண்டர். கரண்ட் போய் வந்தால் லேப்டாப்பில் ஆஃப்லைன் என்று காட்டுகிறது. ஒவ்வொரு முறையும் அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்கிறேன்.
- ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கரண்ட் வந்ததும் பிரிண்டருக்கு ரவுட்டர் வேறு ஐபி கொடுத்துவிடுகிறது, லேப்டாப்போ பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கிறது. பிரிண்டரின் பேனலில் நெட்வொர்க் விவரத் தாளை அச்சிட்டால் அதில் மேக் முகவரி (பிரிண்டரின் மாறாத அடையாள எண்) இருக்கும், ஆறு ஜோடி எழுத்தும் எண்ணுமாக. ரவுட்டரில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற இடத்தில் அதைக் கொடுத்து ஒரு ஐபியை நிரந்தரமாக்குங்கள். பிறகு பிரிண்டரை ஒரே ஒருமுறை, அந்த ஐபியை வைத்து டிசிபி/ஐபி பிரிண்டராகச் சேர்த்துவிடுங்கள். தானாகத் தேடிச் சேர்க்க விட்டால் விண்டோஸ் பெரும்பாலும் டபிள்யூஎஸ்டி என்ற போர்ட்டைப் போட்டுவிடும், ஆஃப்லைன் தொல்லை அதில் அதிகம்.

அப்படியும் வரவில்லை என்றால் ரவுட்டர் முழுதாக எழுந்த பிறகு பிரிண்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். நிறைய பிரிண்டர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், அதை ரவுட்டரில் அணைத்துவிடாதீர்கள். உங்கள் பகுதியின் பழைய வீடுகளில் சுவர் கனம் அதிகம், அவற்றைத் தாண்டுவதிலும் 5 கிகாஹெர்ட்ஸைவிட அதுதான் மேல்.

கேள்வி: விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பிறகு, ரவுட்டரில் செருகி வைத்திருக்கும் ஹார்டு டிஸ்க் லேப்டாப்பில் திறக்கவில்லை. முன்பு பாஸ்வேர்டு இல்லாமலே திறந்தது.
- ஒரு வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: பாஸ்வேர்டு இல்லாமல் திறந்ததுதான் காரணம். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, விண்டோஸ் புரோ வைத்திருப்பவர்களுக்கு கெஸ்ட்டாக, அதாவது பாஸ்வேர்டு இல்லாமல், உள்ளே போவது அடைக்கப்பட்டுவிட்டது. ரவுட்டர் பக்கத்தில் அந்த டிஸ்க்குக்கு யூசர்நேம், பாஸ்வேர்டு வையுங்கள், ரவுட்டரின் ஃபர்ம்வேரையும் (அதற்குள் இருக்கும் மென்பொருளையும்) புதுப்பியுங்கள். பழைய ரவுட்டராக இருந்து அதிலும் முடியவில்லை என்றால், டிஸ்க்கை ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி அங்கிருந்து ஷேர் செய்வதுதான் என் யோசனை.

கேள்வி: வீட்டின் முன்பகுதியை சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். அவர்கள் ரயில் டிக்கெட் பிரிண்ட் எடுக்கக் கேட்கிறார்கள். கெஸ்ட் வைஃபையில் இருந்து எங்கள் பிரிண்டர் தெரியவில்லை. தெரிய வைப்பது எப்படி?
- ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: தெரிய வைக்காதீர்கள். கெஸ்ட் வைஃபையை வைத்திருப்பதே வீட்டுக் கருவிகள் வெளியார் கண்ணில் படக்கூடாது என்பதற்காக, அது சரியாகவே வேலை செய்கிறது. வீட்டு பாஸ்வேர்டை அவர்களுக்குக் கொடுத்தால் பிரிண்டரோடு நின்றுவிடாது. தங்க வருபவர்களின் ஆதார், பாஸ்போர்ட் நகல்களை ஷேர் செய்த ஃபோல்டரில் வைத்திருப்பீர்கள், அந்தக் கம்ப்யூட்டரையும் அவர்களால் எட்ட முடியும். டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி நீங்களே பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள், கொடுத்த பிறகு அந்த ஃபைலை அழித்துவிடுங்கள்.