52 அடி வண்டியோடு கேஸ் ஸ்டேஷனுக்குள் நுழைவது எப்படி?

கேள்வி: அண்ணா, நாங்கள் டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். போன மாதம் 30 அடி டிராவல் டிரெய்லர் (டிரக்கின் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடு) ஒன்று வாங்கினோம். இழுப்பதற்கு எஃப்-150 டிரக், பெட்ரோல் இன்ஜின், 26 கேலன் டாங்க். பிள்ளைகள், மாமியார் எல்லாரோடும் கோடை விடுமுறையில் கிராண்ட் கேன்யன் போகலாம் என்று இருக்கிறோம். ஹைவேயில் ஓட்டிப் பார்த்துவிட்டேன், பயமில்லை. ஆனால் வழியில் கேஸ் (பெட்ரோல்) போட எப்படி உள்ளே நுழைந்து வெளியே வருவது, சாப்பிடவும் தூங்கவும் எங்கே நிறுத்துவது என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. பெரிய லாரிகள் போகும் லேனில் நாங்களும் போகலாமா?

பதில்: பயப்பட வேண்டிய விஷயத்துக்குத்தான் பயப்படுகிறீர்கள் தம்பி. ஹைவேயில் மணிக்கு 62 மைல் வேகத்தில் நேராகப் போகிறவரை, எதிர்க்காற்றும் பக்கக்காற்றும் இல்லையென்றால், டிரெய்லர் அது பாட்டுக்குப் பின்னால் வரும். அது அடிபடுவதெல்லாம் 5 மைல் வேகத்தில், கேஸ் ஸ்டேஷனிலும் பார்க்கிங் லாட்டிலும்தான். நான் 9 வருடமாக டிரெய்லர் இழுக்கிறேன். என் டிரெய்லரில் இருக்கிற ஒரே பெரிய காயம் அப்படி வந்ததுதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் அதில் இருக்கிறது.

டெக்சஸின் வடகோடியான பான்ஹேண்டிலில் ஒரு சின்ன ஊர். டாங்க் கால்வாசிக்குக் கீழே இறங்கிவிட்டது. கண்ணில் பட்ட முதல் ஸ்டேஷனில், காலியாக இருந்த பம்பில் கொண்டுபோய் நிறுத்தினேன். உங்கள் டிரக்கைப் போலவே என்னுடையதிலும் டாங்க் மூடி டிரைவர் பக்கம், அதனால் பம்ப் இடது கைப்பக்கம். போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே முப்பது அடியில் கடையின் கண்ணாடிச் சுவர். அதை ஒட்டி ஐஸ் பெட்டி, புரொப்பேன் சிலிண்டர் வைக்கிற கூண்டு. வேறு வழியில்லாமல் ஸ்டீயரிங்கை முழுக்க வலது பக்கம் ஒடித்தேன். டிரெய்லர் சக்கரம் எதிலும் ஏறாமல் வருகிறதா என்று வலதுபக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் சோடா டின்னை மிதித்தது போல ஒரு சத்தம். இறங்கிப் போய்ப் பார்த்தால், டிரெய்லரின் இடதுபக்கப் பின்மூலை, பம்புக்குக் காவலாக நட்டிருக்கிற மஞ்சள் இரும்புத் தூணில் பதிந்து நிற்கிறது. அலுமினியத் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மடிப்பு, மடிப்பு நெடுக மஞ்சள் பெயின்ட். முன்னே போனால் கடிக்கும், பின்னே வந்தால் உதைக்கும் என்பார்களே, அந்த நிலைமை. பின்னால் வரிசையில் நின்ற கார்களை எல்லாம் ஒவ்வொன்றாக நகர்த்தச் சொல்லி, அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு எடுத்து வெளியே வர நாற்பது நிமிடம் ஆனது.

நடந்தது இதுதான். டிராவல் டிரெய்லரின் சக்கரங்கள் நடுவிலிருந்து கொஞ்சம் பின்தள்ளி இருக்கும். அதற்குப் பின்னால் உங்களுடையதில் சுமார் 10 அடி வால் நீட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் வலது பக்கம் திரும்பினால், அந்தச் சக்கரங்களை அச்சாக வைத்து வால் இடது பக்கம் வீசும். சரி, இடது பக்கம் திரும்பலாமே என்றால், டிரெய்லரின் சக்கரம் டிரக் போன தடத்தில் வராமல் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், பம்ப் மேடையிலேயே ஏறிவிடும். பம்பை ஒட்டி நிற்கும்போது எந்தப் பக்கம் ஒடித்தாலும் ஆபத்து. வால் கடைசித் தூணைத் தாண்டுகிறவரை நேராக மட்டும்தான் போக வேண்டும்.

இதைக் கணக்காகவே பாருங்கள். டிரக் 19 அடிக்குக் கொஞ்சம் மேல், டிரெய்லர் 30, இடையில் இரண்டையும் இணைக்கிற ஹிட்ச். கூட்டினால் ஏறத்தாழ 52 அடி. டிரெய்லரின் வால் பம்பைத் தாண்டுகிற நேரத்தில் டிரக்கின் மூக்கு பம்பிலிருந்து 52 அடி தள்ளி இருக்கும். நான் மாட்டிக்கொண்ட இடத்தில் எனக்கு இருந்தது முப்பது அடி. உள்ளே நுழைந்த நொடியே நான் தோற்றுவிட்டேன், அது எனக்குத் தெரியவில்லை.

ஆகவே பம்ப் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், வெளியே போகிற வழி எது என்று பாருங்கள். சாலையிலிருந்து பார்க்கும்போது பம்ப் வரிசைகள் கடையை நோக்கி நீண்டிருந்தால், அதாவது கேஸ் போட்ட பிறகு வண்டியின் மூக்கு கடையைப் பார்த்து நிற்கும் என்றால், அந்த ஸ்டேஷனை விட்டுவிடுங்கள். லேன் கடைக்கு இணையாக, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நேராக வெளியேறும்படி இருந்தால் நல்லது. அதிலும் ஓரத்து லேனை எடுங்கள். நிரம்பி வழிகிற ஸ்டேஷனாக இருந்தால், ஓர லேன் காலியாகும்வரை சாலையோரத்தில் ஐந்து நிமிடம் காத்திருப்பது ஒன்றும் நஷ்டமில்லை.

இதை அந்த இடத்தில் போய் நின்று முடிவு செய்யாதீர்கள். கிளம்புவதற்கு முந்தைய இரவு கூகுள் மேப்பில் சாட்டிலைட் படத்தைப் போட்டு, நிற்கப்போகிற ஒவ்வொரு ஸ்டேஷனையும் மேலிருந்து பாருங்கள். பம்ப் மேடை எந்தத் திசையில் இருக்கிறது, நுழைவு எது, வெளியேறும் வாய் எது, பின்பக்கம் லாரிகள் நிற்கிற பெரிய தரை இருக்கிறதா என்பதெல்லாம் பளிச்சென்று தெரியும். நானும் என் மனைவியும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதைச் செய்வோம், அரை மணி நேர வேலை. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு மாற்று ஸ்டேஷனும் குறித்துக்கொள்வோம்.

எத்தனை நிறுத்தம்? டிரெய்லரை இழுக்கும்போது உங்கள் டிரக் கேலனுக்கு 9 மைல் கொடுத்தால் சந்தோஷப்படுங்கள். 26 கேலனுக்கு 234 மைல். பான்ஹேண்டில் சமவெளியில் எதிர்க்காற்று பிடித்தால் 7க்கு இறங்கும், அப்போது 182 மைல்தான். முள் பாதிக்கு வந்ததும் நிரப்புகிற பழக்கம் வேண்டும். அப்போதுதான் பிடிக்காத ஸ்டேஷனைப் பார்த்ததும் ‘வேண்டாம்’ என்று தாண்டிப் போக முடியும். நான் அன்றைக்கு அந்த இடுக்கில் நுழைந்ததற்குக் காரணமே தாண்டிப் போக டாங்கில் ஒன்றும் இல்லாததுதான். உங்கள் வழியில் 287 நெடுஞ்சாலையில் விச்சிட்டா ஃபால்ஸ், சில்ட்ரெஸ், அமரில்லோ, பிறகு ஐ-40இல் டுக்கம்காரி என்று ஏறக்குறைய இரண்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு ஊர் வரும். பிள்ளைகளுக்கும் உங்கள் மாமியாருக்கும் கால் நீட்ட அது சரியான இடைவெளி.

இன்னொரு வழி இருக்கிறது, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மாலையில் கேம்ப்கிரவுண்டுக்குப் போய் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் டிரக்கோடு போய் டாங்கை நிரப்பி வந்துவிடுங்கள். மறுநாள் முழு டாங்கோடு கிளம்பலாம், அன்றைக்கு ஒரு நிறுத்தம் மிச்சம்.

லாரி லேன் பற்றிக் கேட்டீர்கள். உங்களுடையது பெட்ரோல் வண்டி. டிரக் ஸ்டாப்பின் பின்பக்க லாரி லேன்களில் பொதுவாக டீசல் மட்டும்தான், அதனால் அங்கே போய்ப் பயனில்லை. ஃப்ளையிங் ஜே போன்ற சில டிரக் ஸ்டாப்களில் ஆர்வி லேன் (உங்களுடையது போன்ற வீட்டு வண்டிகளுக்கான லேன்) என்று தனியாக இருக்கும், அதில் பெட்ரோலும் டீசலும் கிடைக்கும், நுழைந்து நேராக வெளியேறலாம். அது இருக்கிற கிளையா என்று அவர்கள் ஆப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். டெக்சஸுக்குள் பக்கீஸ் இன்னொரு நல்ல இடம். 18 சக்கர லாரிகளை அவர்கள் விடுவதில்லை, பம்ப்கள் ஏராளம், நடுவில் தாராளமாக இடம் விட்டிருப்பார்கள். கூட்டம்தான் அதிகம், அங்கேயும் ஓரத்து லேன்தான்.

டீசல் டிரக் வைத்திருக்கிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. லாரி லேனில் நீங்கள் போகலாம். ஆனால் அங்கே பம்பின் நாசில் தடிமனாக இருக்கும், சில டிரக்குகளின் டாங்க் வாயில் நுழையாது. நுழைந்தாலும் வேகம் அதிகம், நுரைத்துப் பொங்கும், லீவரை முழுக்க அழுத்தாதீர்கள். திரையில் ‘ரீஃபர்’ வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அது லாரியில் சரக்கைக் குளிரவைக்கிற இயந்திரத்துக்கான, சாயம் கலந்த டீசல், சாலையில் ஓடும் வண்டிக்குப் போடுவது சட்டவிரோதம். போட்டு முடித்ததும் ரசீது வாங்க உள்ளே போக வேண்டுமென்றால், முன்னாலிருக்கும் கோடு வரை வண்டியை நகர்த்தி நிறுத்திவிட்டுப் போங்கள். பின்னால் நிற்கிற லாரி ஓட்டுநர் உடனே போட ஆரம்பிக்கலாம்.

கேஸ் போடுவதற்கு முன்னால் டிரெய்லரின் புரொப்பேனை அணைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜோ வாட்டர் ஹீட்டரோ புரொப்பேனில் ஓடினால் உள்ளே நெருப்பு எரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெட்ரோல் ஆவி இருக்கிற இடத்தில் அது கூடாது. இரண்டு மணி நேரம் மூடியே இருந்தால் ஃப்ரிட்ஜில் தயிர் கெட்டுப்போகாது. உயரமும் முக்கியம். கூரை மேலிருக்கிற ஏசியோடு சேர்த்து டேப் வைத்து அளந்து, டேஷ்போர்டில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 11 அடியைத் தொடும். ஹைவே ஓரத்துப் பம்ப் கூரைகள் பொதுவாக அதைவிட உயரம், ஊருக்குள் இருக்கிற பழைய ஸ்டேஷன்களில்தான் பார்த்துப் போக வேண்டும்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஹிட்ச் பூட்டு, சங்கிலி, பிரேக் கேபிள், மின்சார பிளக், டயர். டிரெய்லரின் சக்கர மையத்துக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால், பேரிங்கோ பிரேக்கோ கெட்டுக்கொண்டிருக்கிறது.

இனி நிறுத்துவது. மதியச் சாப்பாட்டுக்கு ரெஸ்ட் ஏரியாதான் எளிது. உள்ளே நுழைந்ததும் கார்கள் ஒரு பக்கம், லாரிகளும் ஆர்விகளும் ஒரு பக்கம் என்று பலகை பிரிக்கும், லாரிப் பக்கம் போங்கள். கார் பக்கம் தவறிப் போய்விட்டால் திரும்ப இடம் கிடைக்காது. உங்களிடம் அடுப்படியே பின்னால் வருகிறது. புளியோதரையும் வடகமும் காலையிலேயே எடுத்து வைத்தால் உணவகம் தேடி லாட்டுக்குள் நுழைகிற தொல்லையே இல்லை. சூடாக வேண்டுமென்றால், ஐ-40 நெடுக பஞ்சாபி லாரி ஓட்டுநர்களுக்காக வந்த தாபாக்கள் டிரக் ஸ்டாப்களிலேயே இருக்கின்றன, அங்கே தரைக்குப் பஞ்சமில்லை. கடை வாசல் லாட்டுகளில் நிறுத்தினால் கட்டடத்துக்குத் தூரமாக, ஓரத்தில், மூக்கு வெளியே பார்த்தபடி நிறுத்துங்கள். முன்னால் பத்துப் பதினைந்து அடி காலியாக இருக்கிறது என்று நம்பிவிட்டுப் போகாதீர்கள். திரும்பி வரும்போது அதில் ஒரு கார் நிற்கும்.

இரவு தங்க டெக்சஸ் ரெஸ்ட் ஏரியாக்களில் 24 மணி நேரம் வரை நிற்கலாம். வால்மார்ட்டில் அந்தந்தக் கடை மேலாளரின் அனுமதி வேண்டும், ஊர்ச் சட்டமும் இடம்தர வேண்டும், உள்ளே போய்க் கேட்டுவிட்டுத் தூங்குங்கள். டிரக் ஸ்டாப்பில் லாரிக்கான கட்டத்தில் மட்டும் இரவு நிறுத்தாதீர்கள், இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். லாரி ஓட்டுநர் 11 மணி நேரம் ஓட்டினால் சட்டப்படி 10 மணி நேரம் ஓய்வெடுத்தாக வேண்டும். இருட்டியபின் வந்து இடமில்லாமல் சுற்றுகிறவர் அலுத்துப்போன மனிதர், 80,000 பவுண்டு எடையோடு நிற்கிறார். உங்களுக்குக் கேம்ப்கிரவுண்ட் இருக்கிறது, அவருக்கு அந்தக் கட்டம்தான். கேம்ப்கிரவுண்டில் பதிவு செய்யும்போது ‘புல்-துரூ’ இடம், 55 அடி என்று கேளுங்கள். டிரெய்லரைக் கழற்றாமலே தூங்கி எழுந்து நேராகக் கிளம்பலாம்.

என்ன திட்டம் போட்டாலும் ஒரு நாள் பின்னுக்கு எடுக்க வேண்டிவரும். ஊரில் கரும்பு டிராக்டரின் டிப்பரை ஆலைக்குள் பின்னுக்கு எடுக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியை ஒரு கையால் பிடியுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ, டிரெய்லரின் வால் அந்தப் பக்கம் போகும். கொஞ்சமாகத் திருப்பி, மெதுவாக. கோணலாகிவிட்டால் முன்னே எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியான லாட் ஒன்றில், அனுமதி கேட்டுக்கொண்டு, நான்கு கோன் வைத்து இரண்டு மணி நேரம் பழகுங்கள். மனைவியையும் கூட்டிப் போங்கள். பின்னால் நின்று வழிகாட்டுகிறவர் ‘இடது, வலது’ என்றால் யாருக்கு இடது என்று குழப்பம் வரும். ‘டிரைவர் பக்கம், பாசஞ்சர் பக்கம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் முகம் கண்ணாடியில் தெரியாத நொடியில் பிரேக்கை அழுத்துங்கள். எங்கள் வீட்டில் இதற்கு விதிவிலக்கு கிடையாது, ஏனென்றால் பின்னால் நிற்பது பெரும்பாலும் என் மகள்.

கிராண்ட் கேன்யனில் தெற்கு விளிம்பில் மேதர் கேம்ப்கிரவுண்டில் வண்டியின் மொத்த நீளம் 30 அடிக்குமேல் போகக்கூடாது, அது உங்களுக்கு ஆகாது. பக்கத்திலேயே இருக்கிற டிரெய்லர் வில்லேஜில் 50 அடி வரை புல்-துரூ இடங்கள் உண்டு, கோடைக்கு வெகு முன்னாலேயே பதிவு செய்யுங்கள். உங்கள் மொத்த நீளம் 52 அடி என்பதால், போய்ச் சேர்ந்ததும் டிரெய்லரைக் கழற்றுங்கள். கழற்றும் முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைக்க மறக்காதீர்கள். பிறகு இலவசப் பேருந்திலேயே சுற்றலாம். தெற்கு விளிம்பில் இருக்கிற கிராண்ட் கேன்யன் வில்லேஜுக்குள் கேஸ் ஸ்டேஷன் கிடையாது. தெற்கு வாசலுக்கு வெளியே டுசாயனில் இருக்கிறது. திரும்பும் நாளுக்கு முந்தைய மாலை, டிரெய்லர் இல்லாமல் வெறும் டிரக்கோடு அங்கே போய் டாங்கை நிரப்பி வந்துவிடுங்கள்.