ஏற்புரையையும் நானே எழுதினேன்

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

நான் களுவாஞ்சிகுடிப் பக்கத்து ஆள். வயது 65. கூட்டுறவுச் சங்கத்தில் இலிகிதராக இருந்து ஓய்வுபெற்றவன். என் மனைவி குடும்பநல உத்தியோகத்தர். சனத்துக்கு ‘மிட்வைப் மிஸ்’ என்றால்தான் தெரியும். 33 வருடச் சேவை, அதில் பெரும்பகுதி வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். போன மாதத்தோடு 60 முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டா. ஓய்வும் மணிவிழாவும் ஒன்றாக வருகிறதே, ஊர் மெச்சச் செய்வோம் என்று இறங்கினேன். மண்டபத்துக்கு முற்பணம் கட்டியாயிற்று. விழா மலர் அச்சகத்தில் இருக்கிறது. பிரதேச செயலாளரிலிருந்து கோயில் வண்ணக்கர் வரை அலைந்து வாழ்த்துச் செய்தி வாங்கினேன். 250 பேருக்குச் சாப்பாடு. இவ்வளவும் ஆன பிறகு ‘எனக்கு வேணாம்’ என்கிறா. காரணம் கேட்டால் பேச்சில்லை.

விழா இல்லாமல் வீட்டுக்கு வருவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கிடைத்தது ஒரு சுவர் மணிக்கூடும் ஒரு பிளேன்டீயும். அன்றைக்குக்கூட அவவுக்குக் கிளினிக், வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை.

ஆரம்ப காலத்தில் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய், விடிய ஆறு மணிக்குக் குருமண்வெளித் துறையில் வாவி கடக்கும் பாதைப் படகில் ஏற்றிவிட்டுக் கிறுகி வருவேன். பின்னேரம் மறுபடி போய் நிற்பேன். சண்டைக்காலத்தில் பாதை ஓடுமா, வழியில் மறிப்பார்களா என்று கரையில் நின்று கண் பூத்தது நான். மகளுக்குத் தலை பின்னி, மகனுக்குச் சோறு கட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியதும் நான். சுனாமி வந்தபோது எங்கள் மதில் விழுந்து கிடக்க, அவ கர்ப்பிணிகளைத் தேடி முகாம் முகாமாகப் போய்விட்டா. மூன்று நாள் வீடு வரவில்லை. 2011 தை மாத வெள்ளத்திலும் அதே கதை. ஒரு நாளும் நான் தடுத்ததில்லை. என் ஓய்வு நாளுக்கு வராததையும் பெரிதாக எடுக்கவில்லை என்று முதலே சொன்னேன்.

மலரில் ‘என் பார்வையில்’ என்று நான் ஒரு கட்டுரை எழுத வேண்டும். மொத்தம் எத்தனை பிரசவம் என்று கேட்டேன். ‘நான் எண்ணயில்ல’ என்றா. அதோடு கட்டுரை நிற்கிறது. சிரமப்பட வேண்டாம் என்று அவவின் ஏற்புரையையும் நானே எழுதிக் கொடுத்தேன். வாசிக்கவில்லை, மேசையில் கிடக்கிறது. போன திங்கள் பின்னேரம் சமாதானமாகட்டும் என்று தேத்தண்ணிகூடப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்துவிட்டா. ‘நான் சீனி விட்டு ஆறு வருசம்’ என்றா. எனக்கு அதைச் சொல்லவேயில்லை பாருங்கள். அது கிடக்கட்டும், விசயத்துக்கு வருகிறேன்.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் இரண்டு பேரும் டிக்கெட் போட்டுவிட்டார்கள். இனி நிறுத்தினால் சனம் என்ன கதைக்கும்? அவவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

ஓய்வுபெற்ற இலிகிதர்,
மட்டக்களப்பு மாவட்டம்

*

அன்புள்ள ஐயா,

‘விசயத்துக்கு வருகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். விசயத்தைத் தாண்டிப் போய்விட்டீர்கள் ஐயா. அந்தத் தேத்தண்ணிக்குத் திரும்புவோம்.

ஆறு வருடம். ஒரே குசினி. அவர் சீனியை விட்டது உங்களுக்குத் தெரியாது. ‘எனக்குச் சொல்லவேயில்லை’ என்று கோபிக்கிறீர்கள். ஏன் விட்டார்? சலரோகமா? குளிசை எடுக்கிறாரா? கடைசியாக இரத்தம் சோதித்தது எப்போது? கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மண்டபம் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, வண்ணக்கர்கூட இருக்கிறார். இந்தக் கேள்விகளில் ஒன்றும் இல்லை.

உங்கள் மனைவி இந்தக் கடிதத்தில் மூன்றே மூன்று தரம் வாய் திறக்கிறார். ‘எனக்கு வேணாம்.’ ‘நான் எண்ணயில்ல.’ ‘நான் சீனி விட்டு ஆறு வருசம்.’ மூன்றையும் பிடிவாதம் என்று வாசித்திருக்கிறீர்கள். நடுவில் உள்ளதை மட்டும் நான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், அவருடைய வேலை அதற்குள்தான் இருக்கிறது.

இன்று நம் நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கின்றன. மிட்வைப் மிஸ்ஸின் பாடு அதற்கு முன்னும் பின்னும். கர்ப்பம் என்று தெரிந்ததும் பதிவார். வீட்டுக்குப் போவார். இரும்புச்சத்துக் குளிசையை விழுங்குகிறாளா, கூரைக்குள் செருகி வைக்கிறாளா என்று பார்ப்பார். கால் வீங்கியிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவார். முகத்தில் அடி பட்டிருந்தால் ‘கதவில மோதினேன்’ என்ற பதிலை நம்ப மாட்டார். பிள்ளை பிறந்து பத்து நாளுக்குள் மறுபடி வாசலில் நிற்பார். பிறகு மாதாமாதம் நிறுத்து, அட்டையில் புள்ளி வைத்து, கோடு சரிகிற பிள்ளையின் தாயைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைப்பார். 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் செத்தார்கள். அண்மைக் காலத்தில் அது பெரும்பாலும் நாற்பதுக்குக் கீழே நிற்கிறது. மலேரியா ஒழிந்தது, ஆஸ்பத்திரிகள் வந்தன, பெண்கள் படித்தார்கள், எல்லாம் உண்மை. ஆனால் 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், அதன் வழியாக ஒழுங்கை ஒழுங்கையாக நடந்த மருத்துவமாதர்களும் இல்லாமல் இந்த எண் இவ்வளவுக்கு இறங்கியிராது. அவர் 33 வருடம் பார்த்துக்கொண்டது நடக்காமல் போன சாவுகளை. எத்தனை என்று கேட்டால் அவர் எதை எண்ணிச் சொல்வார்?

ஊரில் எந்த வீட்டு வாசலில் நின்றும் ‘சாப்பிட்டியா, குளிசை போட்டியா’ என்று கேட்ட மனுசி, தன் வீட்டில் ஆறு வருடமாகத் தன் தேத்தண்ணியைத் தானே ஊற்றிக் குடித்திருக்கிறார். மறைக்க நினைத்திருந்தால் திங்கட்கிழமையும் பேசாமல் குடித்து முடித்திருப்பார். கோப்பையை வைத்தார், சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகு அவர் உங்களோடு தொடங்கிய முதல் கதை அதுவாக இருக்கலாம். நீங்கள் ‘அது கிடக்கட்டும்’ என்று விட்டுவிட்டீர்கள்.

‘என் பார்வையில்’ கட்டுரை நிற்பதற்கு எண்ணிக்கையைக் குற்றம் சொல்லாதீர்கள். உங்கள் பார்வை குருமண்வெளித் துறையோடு நின்றுவிட்டது, அதுதான் கட்டுரையும் நிற்கிறது. அக்கரை மண்டூர்க் கந்தன் திருவிழாவுக்கு எத்தனையோ தரம் பாதை ஏறியிருப்பீர்கள். அவர் நடந்த ஒழுங்கைகளுக்கு ஒரு நாளாவது போனீர்களா?

இப்போது உங்கள் பக்கம். அந்தக் காலத்தில் மகளுக்குத் தலை பின்னிய தகப்பன்மாரை எனக்கு அதிகம் தெரியாது. சண்டைக்காலத்தில் பெண்சாதியை அக்கரைக்கு அனுப்பிவிட்டுக் கரையில் காத்து நிற்பதும் லேசான காரியமில்லை. அவருடைய சேவைக்குள் உங்கள் உழைப்பும் இருக்கிறது, அதை ஒருவரும் சொல்லவில்லை. சுவர் மணிக்கூட்டை ‘குறையாகச் சொல்லவில்லை’ என்று எழுதி, அடுத்த பந்தியிலேயே திரும்ப எழுதியிருக்கிறீர்கள். அது உறுத்துகிறது, உறுத்தத்தான் செய்யும். மேடையில் அவர் மைக்கைப் பிடித்து ‘என் கணவர் இல்லாவிட்டால்’ என்று தொடங்க வேண்டும், அதைச் சனம் கேட்க வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுத்த ஏற்புரையில் அந்த வரி இருக்கிறது என்று பந்தயம் கட்டத் தயார். ஆசையில் பிழையில்லை. ஆனால் பிறர் எழுதிக் கொடுத்த நன்றியை எந்த மனுசி வாசிப்பாள்? ‘எனக்கும் நீ ஒரு நாள் நன்றி சொல்லியிருக்கலாம்’ என்று குசினியில் வைத்து நேரே சொல்லுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். அவருக்கும் அதில் சொல்ல ஏதாவது இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

அவரைச் சம்மதிக்க வைக்க வழி கேட்டீர்கள். தர மாட்டேன். மண்டபத்தை விடுங்கள். முற்பணம் போனால் போகிறது. பிள்ளைகள் வரட்டும், வீட்டில் பாய் போட்டு இருந்து சாப்பிடட்டும். சனம் ஒரு கிழமை கதைக்கும், பிறகு வேறு கதை கிடைத்துவிடும்.

இந்தக் கிழமை அவரோடு இரத்தம் சோதிக்கப் போங்கள். கிளினிக் கொப்பியை வாங்கி வாசியுங்கள், வைத்தியர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். மற்றவரின் உடம்பைப் பார்க்கிறவர்கள் தங்கள் உடம்பைத் தள்ளிப்போடுவதை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

பிறகு ஒரு நாள், அதே விடியற்காலைப் பாதையில் இரண்டு பேருமாக ஏறுங்கள். அக்கரையில் இறங்கியதும் அவர் முன்னால் நடக்கட்டும். யாராவது ‘மிஸ்’ என்று வாசலுக்கு ஓடிவந்தால், நீங்கள் யார் என்று அவர் சொல்லும் வரை பேசாமல் நில்லுங்கள்.

அச்சகத்துக்கு மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், ‘என் பார்வையில்’ பக்கம் இன்னும் எழுதி முடியவில்லை என்று.