அண்ணாச்சி பதில்கள்: நேராக நிற்காத சமக்குறி

பாளையங்கோட்டை வாசகர்: அண்ணாச்சி, விம் எடிட்டரில், வரிகளை நேராக அடுக்கும் ஈசி அலைன் பிளகின் (துணை நிரல்) போட்டேன். ஜி, ஏ, ஐ, பி, சமக்குறி என்று அடுத்தடுத்துத் தட்டினால் வரிகள் அசையவில்லை. 'பி=' என்றுதான் ஃபைலுக்குள் விழுகிறது.

பிளகின் ஏறிவிட்டது, கீ இணையவில்லை. அது தானாக எந்தக் கீயையும் எடுத்துக்கொள்வதில்லை. அதனால் உங்கள் ஜிஏ இன்னும் விம்மின் பழைய கட்டளைதான்: கர்சர் நிற்கும் எழுத்தின் குறியெண்ணைக் கீழே காட்டும். அடுத்த ஐ, டைப் செய்யும் நிலைக்குக் கொண்டுபோகும். மிச்ச இரண்டும் ஃபைலில் விழாமல் எங்கே போகும்? விம்ஆர்சியில் (விம்மின் அமைப்பு ஃபைல்) ஜிஏ-வை ஈசி அலைனின் பிளக் பெயரோடு, அதாவது <Plug>(EasyAlign) என்பதோடு, என்மேப் என்ற கீ இணைப்புக் கட்டளை போட்டு இணையுங்கள். செலக்ட் செய்த வரிகளுக்கு எக்ஸ்மேப். என்மேப்புக்குப் பதில் என்நோரீமேப் போட்டால் பிளக் பெயர் வேலை செய்யாது. பலரும் சறுக்குவது இங்கேதான்.

பிறகு அதே ஐந்து தட்டு, பத்தியில் ஒவ்வொரு வரியின் முதல் சமக்குறியையும் நேராக்கும். சமக்குறிக்கு முன் 2 தட்டினால் இரண்டாவது, நட்சத்திரக்குறி தட்டினால் எல்லாமே. அதே இடத்தில் என்டர் ஒருமுறை தட்டினால் சொற்கள் வலப்பக்கம் ஒட்டும், இருமுறை என்றால் நடுவில் நிற்கும். மேற்கோளுக்குள்ளும் கமென்டிலும் இருக்கும் சமக்குறியைத் தொடாது. ஆனால் அவற்றைச் சின்டாக்ஸ் வண்ணத்தை (நிரலின் பகுதிகளை எடிட்டர் நிறம் பிரித்துக் காட்டுவது) வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. வண்ணத்தை அணைத்திருந்தால் அவற்றையும் சேர்த்து இழுத்துவிடும்.

அம்பாசமுத்திரம் வாசகர்: அணைகளின் முழுக்கொள்ளளவு அடியைப் பட்டியலிட்டேன்: பாபநாசம் = 143, சேர்வலாறு = 156, மணிமுத்தாறு = 118. அலைன் செய்தும் கோணல்தான்.

பிளகின்மேல் தப்பில்லை. மணிமுத்தாறு நமக்கு 6 எழுத்து, யூனிகோடில் 11 குறி. எழுத்துரு வரையும் அகலமோ இந்த இரண்டிலும் சேராது. 'ம்' பிடிக்கும் இடமும் 'று' பிடிக்கும் இடமும் ஒன்றா? எடிட்டர் கட்டத்தை எண்ணி ஸ்பேஸ் போடுகிறது, கண் அகலத்தைப் பார்க்கிறது. கையால் ஸ்பேஸ் தட்டிச் சரிக்கட்டாதீர்கள், எழுத்துரு மாறினால் மறுபடி கோணும். எண்ணை முன்னால் வையுங்கள்: 143 = பாபநாசம். தமிழ் வரியின் கடைசியில் இருந்தால் அதன் அகலம் எதையும் தள்ளாது.

களக்காடு வாசகர்: என் கணினியில் நேராக இருப்பது நண்பர் கணினியில் கலைகிறதே?

டேபும் ஸ்பேஸும் கலந்திருக்கும். உங்கள் டேப் 4, அவருடையது 8 என்றால் அப்படித்தான். எக்ஸ்பேண்ட்டேப் போட்டு ரீடேப் கட்டளை கொடுங்கள், டேபெல்லாம் ஸ்பேஸாகிவிடும். மேக்ஃபைலில் (மேக் என்ற கருவிக்கு வேலைகளை எழுதிவைக்கும் ஃபைல்) மட்டும் செய்யாதீர்கள். அதில் கட்டளை வரிக்கு முன் டேப் இருந்தே ஆகவேண்டும்.