ஹோண்டா ஜிஎல்1100 கோல்ட்விங் பைக்: சூடானபின் ஐடிலிங் (ஆக்சிலேட்டர் தராதபோது இன்ஜின் ஓடுவது) தடுமாறினால்

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைப் பிரிக்காதீர்கள், முதலில் அந்தக் கலவையை இன்ஜினுக்குக் கொண்டுபோகும் இன்டேக் குழாய்களின் இணைப்புகளைப் பாருங்கள். உங்கள் வண்டி சோக் போட்டால் சீராக ஓடுகிறது, சூடானபின் ஆக்சிலேட்டரை விட்டாலும் வேகம் உடனே இறங்குவதில்லை, கடைசியில் சிக்னலில் அணைந்துவிடுகிறது என்கிறீர்கள். கார்புரேட்டரைத் தாண்டி எங்கோ வெளிக்காற்று நுழைவதன் அடையாளம் இது. சோக் பெட்ரோலைக் கூட்டி, அந்தக் காற்றை ஈடுகட்டுகிறது.

என் சந்தேகம், குழாய் சிலிண்டர் ஹெட்டில் சேரும் இடத்து ஓரிங் (காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) மீதுதான். நாற்பது ஆண்டுச் சூட்டில் அது தட்டையாகி, பிளாஸ்டிக் போல இறுகிவிடும். போல்ட்டை மேலும் முறுக்காதீர்கள், அலுமினிய மரை போய்விடும்! நான்கு ஓரிங்குகளையும் ஒரேயடியாக மாற்றுங்கள்.

உறுதி செய்ய:

1. வண்டியைச் சூடாக்கி ஐடிலிங்கில் விடுங்கள்.
2. தண்ணீர் ஸ்ப்ரேயை ஒவ்வோர் இணைப்பிலும், வேக்குவம் ஹோஸ் முனைகளிலும் தனித்தனியாக அடியுங்கள்.
3. எங்கே அடிக்கும்போது இன்ஜின் சத்தம் மாறுகிறதோ, கசிவு அங்கேதான்.

ஸ்பார்க் பிளக் ஒயரில் தண்ணீர் பட்டாலும் சத்தம் மாறும், ஏமாந்துவிடாதீர்கள். பலர் சொல்லும் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். சூடான சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் அது தீப்பிடிக்கும்.

சிறு கசிவு தண்ணீரில் தெரியாமலும் போகலாம். எங்கும் மாற்றமில்லை என்றால், அடுத்து வால்வு இடைவெளியைப் பாருங்கள், அதன்பின் ஐடில் ஜெட்டில் (ஐடிலிங்கின்போது பெட்ரோல் வரும் கார்புரேட்டர் துளை) அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு கார்புரேட்டர்களையும் சமன்செய்வது கசிவை அடைத்த பிறகுதான். முன்னால் செய்தால் அந்த உழைப்பு முழுவதும் வீண்.