ரெட்டினா விலகிய கண்ணில் நீர் எந்த வழியாக வெளியேறுகிறது? – கேள்வி பதில்

டாக்டர், அப்பாவுக்கு ரெட்டினா (கண்ணின் உள்பக்க விழித்திரை) விலகிவிட்டது. அடியில் நீர் தேங்கியிருக்கிறதாம். ஆனால் அந்தக் கண்ணில்தான் பிரஷர் குறைவு என்கிறார்கள். எப்படி?

நல்ல கேள்வி. கண்ணுக்குள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2.5 மைக்ரோலிட்டர் நீர் சுரக்கிறது. பெரும்பகுதி முன்பக்க வடிகால் வழியாக ரத்தத்தில் கலந்துவிடும். ரெட்டினாவில் கிழிசல் விழுந்தால் பின்பக்கமும் வழி திறக்கும். ரெட்டினாவுக்கு அடியில் நிறமிச் செல்களால் ஆன அடுக்கு ஒன்று உண்டு. ஒரே ஒரு செல் கனம்தான். அது ஓயாமல் நீரை இறைத்துப் பின்னால் இருக்கும் ரத்தநாளப் படலத்துக்குத் தள்ளுகிறது. அந்தப் படலத்தில் புரதம் அதிகம், அதனால் அதுவும் நீரை இழுக்கும். வழக்கமாக ரெட்டினாவே பெரிய தடுப்பாக நிற்கிறது. கிழிந்ததும் நீர் நேராக இந்த அடுக்கைத் தொடுகிறது, பிரஷர் இறங்குகிறது.

அப்படி இறைத்தும் ஏன் வற்றவில்லை?

ஓட்டைப் படகில் தண்ணீரை இறைப்பது போலத்தான். உள்ளே வருவது நிற்க வேண்டும். நீரை மட்டும் வடித்துப் பார்த்த காலம் ஒன்று இருந்தது, மறுபடி சேர்ந்துவிடும். கிழிசலைத் தேடி மூடுங்கள் என்று விடாமல் சொல்லி, செய்தும் காட்டியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்துக் கண் டாக்டர் ஜூல் கோனன். கிழிசல் அடைபட்டால் மிச்ச நீரை அந்த அடுக்கே உறிஞ்சிவிடும், பல சமயம் ஓரிரு நாளில். நாள்பட்ட விலகலில் நீர் கெட்டிப்பட்டிருக்கும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

எனக்கு நேர்மாறு. பிரஷர் ஏறியது, கண்ணில் அழற்சி என்று சொட்டு மருந்து தந்தார்கள், கேட்கவில்லை. அப்புறம்தான் ரெட்டினா விலகல் தெரிந்தது.

அரிதுதான், ஆனால் தவறவிடக் கூடாதது. 1973-இல் ஷ்வார்ட்ஸ் என்ற கண் டாக்டர் இதை விவரித்தார். ரெட்டினாவின் ஒளியுணர் செல்களின் நுனித் துணுக்குகள் கிழிசல் வழியாக முன்னறைக்கு (கண்ணின் முன்பக்க நீர் அறைக்கு) வந்து வடிகாலை அடைக்கின்றன. 1986-இல் மட்சுவோ குழுவினர் முன்னறை நீரிலேயே அவற்றைக் கண்டார்கள். பார்க்க அழற்சி செல்கள் மாதிரியே மிதக்கும். ஒரு கண்ணில் மட்டும் இப்படி இருந்து மருந்துக்கும் அடங்காவிட்டால், கண் பாப்பாவை விரித்து ரெட்டினாவின் ஓரம் வரை பார்த்தே ஆக வேண்டும். ரெட்டினா ஒட்டியதும் பிரஷர் பெரும்பாலும் தானே இறங்கும்.

அம்மாவுக்கு ரெட்டினா ஆபரேஷனில் கண்ணுக்குள் கேஸ் (வாயு) குமிழி வைத்திருக்கிறார்கள். விமானத்தில் ஊருக்கு அழைத்துப் போகலாமா?

கூடவே கூடாது. கேஸ் மெல்ல ரத்தத்தில் கரைந்துதான் போகும்: எஸ்எஃப்6 என்ற வகை கேஸ் என்றால் இரண்டு வாரம்போல, சி3எஃப்8 என்றால் ஏறக்குறைய இரண்டு மாதம். அதற்குள் உயரே போனால் குமிழி பெருத்து, பிரஷர் எகிறி, பார்வையே பறிபோகலாம். மலைப்பயணத்துக்கும் டாக்டரைக் கேளுங்கள். வேறு ஆபரேஷன் வந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். நைட்ரஸ் ஆக்சைடும் குமிழியைப் பெருக்கும்.

கேஸுக்குப் பதிலாகக் கண்ணுக்குள் வைக்கும் சிலிக்கோன் ஆயிலும் கரைந்துவிடுமா?

கரையாது. அதை ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும். சொன்ன தேதிக்குக் கட்டாயம் போங்கள்.